டிசம்பரில் அறுகம்குடா சர்ஃபிங் பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்

கிறிஸ்துமஸ் லீவில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவுக்கு சர்ஃபிங் பேக்கேஜ் என்று சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்ட் விற்கிறார். ஆளுக்கு 42,000 ரூபாய். தங்குமிடம், போர்டு, கற்றுக்கொடுக்க ஆள், எல்லாம் சேர்த்து. "வருஷம் முழுக்க அலை இருக்கும் சார்" என்று அவர் சொன்னதை நம்பி நானும் தம்பியும் கிளம்பினோம். அது சுத்தப் பொய்.

அறுகம்குடாவின் சீசன் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். அந்த மாதங்களில் தெற்கிலிருந்து வரும் அலைக்குத் தென்மேற்குக் காற்று எதிரே, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் அலை அழகாக நிமிர்ந்து, முனையைச் சுற்றி வலப்பக்கமாக நீளமாக உடையும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். நமக்கு மழை கொடுக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும். கடலிலிருந்து கரைக்கு அடித்து, அலையைக் கலைத்துப் போடும். அந்த நேரத்தில் சர்ஃபிங்குக்குப் போக வேண்டிய இடம் வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ இருக்கும் தெற்கு, தென்மேற்குக் கரை. இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் இது தெரியாமல் இருக்காது.

நாங்கள் போனபோது, அங்கே முக்கியமான அலை உடையும் இடமான மெயின் பாயிண்ட் பக்கம் பாதிக் கடைகளுக்கு மேல் பூட்டு. கடல் செம்மண் நிறத்தில் குழம்பிக் கிடந்தது. பேக்கேஜில் சொன்ன பயிற்சியாளர் சீசன் முடிந்ததுமே வெலிகமவுக்குப் போய்விட்டாராம். பொத்துவில் ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "இந்த மழைக்குள்ள ஏன் தம்பி வந்தீங்க? சித்திரை கழிச்சு வந்திருக்கலாமே" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

திறந்திருந்த ஒரு கடையில் பழைய ஃபைபர் போர்டு கொடுத்து, ஈடாக பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். வால் பக்கம் ஏற்கெனவே இருந்த விரிசலைத் தம்பி வீடியோ எடுத்து வைத்திருந்தான். திருப்பிக் கொடுக்கும்போது அதே விரிசலைக் காட்டி "நீங்கள் உடைத்தது, பணம் கொடுங்கள்" என்று மல்லுக்கு நின்றவர்கள், வீடியோவைக் காட்டிய பிறகுதான் அடங்கினார்கள்.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்து வெலிகமவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றோம். அதற்குத் தனிக் கட்டணமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "மழைக்கு நாங்க பொறுப்பில்லை சார்." திடீர்ப் புயல் என்றால் சரி, யாரையும் குறை சொல்ல முடியாது. வருஷா வருஷம் அதே மாதத்தில் வரும் பருவமழையைத் தெரிந்தே மறைத்து விற்றுவிட்டு இயற்கை மேல் பழி போடுவது அநியாயம். எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் கரை அவ்வளவு அழகு. பாணமை போகும் வழியில் யானைகள், இன்னும் தெற்கே ஒகந்தை முருகன் கோயில், பக்கத்திலேயே அலை. முதன்முதலாகப் போகிற ஒருவர் அதை இப்படியா பார்க்க வேண்டும்?

அட்வான்ஸ் கட்டும் முன், எந்த மாதம், எந்தக் கரை, அலை இல்லாவிட்டால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் "வருஷம் முழுக்க அலை" என்ற அவருடைய மெசேஜ் அப்படியே இருக்கிறது. அதை வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். புகார் போனதும் "பாதிப் பணம் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள்" என்கிறார். முழுப் பணமும் வராமல் புகாரை வாபஸ் வாங்கப்போவதில்லை.