"அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க அங்கிள்"

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் மாடி வீட்டைக் காலி செய்துபோன ஒரு பையனிடமிருந்து எனக்கு இன்னும் 23,300 ரூபாய் வர வேண்டும். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் படித்துவையுங்கள்.

டூ லெட் போர்டைப் பார்த்து வந்தவன் வாசலிலேயே தமிழில் பேசினான். சேலம் பக்கமாம். இந்த ஊரில் நம் பேச்சு காதில் விழுந்தால் பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. வாடகை 21,000, அட்வான்ஸ் 1,10,000. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய காலமெல்லாம் போய்விட்டது. 11 மாத அக்ரிமென்ட் போட்டோம். அது முடிந்ததும் வாடகையை 22,000 ஆக்கினேன், ஆனால் அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கவில்லை. அது என் சோம்பேறித்தனம்.

இரண்டாம் வருடம் ஜனவரியிலிருந்து வாடகை நின்றது. கேட்டால், "கம்பெனியில சம்பளம் இழுக்கிறாங்க. அட்வான்ஸ் உங்ககிட்டதானே இருக்கு, அதுல கழிச்சுக்குங்க அங்கிள்" என்றான். சரி என்றேன். ஏமாந்தது அந்தச் "சரி"யில்தான். மே மாதத்தோடு ஐந்து மாத வாடகையில் அட்வான்ஸ் முழுதும் கரைந்தது. பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை, தண்ணீர் டேங்கர் பங்கு 4,000, கரண்ட் பில் 7,300 எல்லாம் தொக்கி நின்றன. கோடையில் ஏசி ஓடி 200 யூனிட்டைத் தாண்டிவிட்டதால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி சலுகையும் இல்லை. மீட்டர் என் பெயரில் இருக்கிறது; நான் கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்குவார்கள். கட்டினேன்.

காலி செய்த அன்று சமையல் மேடையில் வைத்து 33,300க்கு செக் எழுதினான். என் பேனாதான். அதை மட்டும் ஒழுங்காகத் திருப்பித் தந்தான். பிறகு வாரம் தவறாமல் போன்: "இப்பப் போடாதீங்க அங்கிள், அக்கவுண்ட்ல பணமில்ல, பவுன்ஸ் ஆயிடும். அடுத்த வாரம் நானே ஜீபேல போட்டுடறேன்." பவுன்ஸ் ஆனால் பையன் பெயர் கெடுமே என்று நானும் பொறுத்தேன். "என்னங்க, செக்கைப் பூஜை அறையிலா வைக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். செப்டம்பர் நடுவில் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தேதியைப் பார்த்துவிட்டு, செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான் சார் என்று திருப்பித் தந்தாள்.

வாரா வாரம் வந்த போனின் அர்த்தம் வக்கீல் சொன்ன பிறகுதான் புரிந்தது. தேதிக்குள் போட்டு, பணமில்லை என்று செக் திரும்பியிருந்தால், வங்கிச் சீட்டு கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்து 15 நாளில் அவன் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் மோசடி வழக்கு. செலாவணி முறிச் சட்டம், பிரிவு 138. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. தேதி போன செக்குக்கு அதெல்லாம் கிடையாது. பவுன்ஸ் ஆகும் என்று அவன் பயந்தது இதற்குத்தான். இந்தப் பாக்கிக்கு சிவில் வழக்கு போட மட்டும் மூன்று வருட அவகாசம் இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில், இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று கன்னடத்தில் மரியாதையாகவே சொன்னார்கள். அக்ரிமென்ட் முடிந்ததால் வழக்கு விழுந்துவிடாது என்கிறார் வக்கீல். பழைய தாளில் 21,000தான் இருக்கிறது. உயர்த்திய வாடகைக்கு அவன் முதலில் ஒழுங்காகப் போட்ட மாதங்களின் பாங்க் ஸ்டேட்மென்ட்தான் சாட்சி.

ஆதார் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், ஆள் இல்லை என்று தபால்காரர் கிறுக்கலோடு திரும்பி வந்தது. அக்ரிமென்ட்டில் அவனுடைய ஆபீஸ் முகவரியும் இருந்தது. அங்கே ஒன்று அனுப்பச் சொன்னேன். நான்காம் நாள் இரவு ஜீபேயில் 10,000 வந்தது, கூடவே வாட்ஸ்அப்பில், "மீதியை அடுத்த மாசம் தரேன், ஆபீஸுக்கு மட்டும் அனுப்பாதீங்க அங்கிள்." அடுத்த மாதம் வந்து போய்விட்டது. அந்த மெசேஜை பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.