வேலைக்குப் போய்க்கொண்டே வேதாகமம் கற்பது: குழு வகுப்பா, அஞ்சல் பாடமா, இணையமா, பட்டமா?

அலுவலகத்தையும் குடும்பத்தையும் விட்டுவிடாமல் வேதாகமத்தை முறையாகக் கற்று, சபையில் ஏற்றுக்கொண்ட ஊழியத்தைத் தகுதியோடு செய்ய விரும்பும் ஒருவருக்கு இன்று தமிழ்நாட்டில் நான்கு வழிகள் இருக்கின்றன: வீட்டுக்கே வரும் அஞ்சல் வழி வேதபாடம், இணையவழி வகுப்பு, பொதுநிலையினருக்கான தொலைநிலைப் பட்டப்படிப்பு, உள்ளூரிலேயே வாரந்தோறும் கூடும் விரிவாக்க இறையியல் கல்விக் குழு. எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், ஞாயிறு பள்ளியின் மூத்த வகுப்பும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தியானம் நடத்தும் பொறுப்பும் அடுத்தடுத்து என்னிடம் வந்தபோது இந்நான்கையும் விசாரித்து, இறுதியில் குழு வகுப்பில் சேர்ந்தேன். அஞ்சல் பாடத்தை மாணவப் பருவத்தில் முடித்திருக்கிறேன்; இணையவழியில் ஒரு பாடம் மட்டும் படித்திருக்கிறேன்; பட்டப்படிப்பை என் தங்கை முடித்தாள், அவளுடைய பாடநூல்களை அவளோடு அமர்ந்து வாசித்த அளவே எனக்குப் பழக்கம். என் சாய்வு குழு வகுப்பின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குருத்துவ அழைப்பு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. தென்னிந்தியத் திருச்சபையைப் பொறுத்தவரை, திருமண்டலம் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) தெரிந்தெடுத்து அனுப்ப, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் தங்கிப் படிப்பதே அதற்கான வழக்கமான பாதை. மாலை நேரத்தில் படித்தே குருத்துவத்துக்குப் போய்ச் சேரலாம் என்று எவரேனும் உறுதி கூறினால், பணம் கட்டுவதற்கு முன் சேகர குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அஞ்சல் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் கட்டணமில்லை, சிறு புத்தகம் வரும், கோடிட்ட இடத்தை நிரப்பி, சரியா தவறா என்று குறித்து அனுப்பினால் திருத்திய தாளும் அடுத்த பாடமும் வரும், முடிவில் சான்றிதழ் கிடைக்கும். வேதாகமத்தின் புத்தக வரிசை, ஆபிரகாம் முதல் பவுல் வரையிலான நிகழ்வுகளின் ஓட்டம், எந்த வசனம் எங்கே இருக்கிறது என்ற பழக்கம் ஆகியவை இதில் நன்றாக ஊன்றிக்கொள்கின்றன. ஊரைவிட்டு நகர முடியாதவர்களுக்கும், நோயாளியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கும், இதுவரை வேதாகமத்தைத் தொடர்ச்சியாக வாசித்திராதவர்களுக்கும் இதையே முதற்படியாகச் சொல்வேன். ஆனால் கேள்வித்தாளுக்கான விடை அநேகமாகப் பாடத்தின் அதே பக்கத்தில் இருக்கும். எடுத்து எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். கற்றதை இன்னொருவருக்கு விளக்க வேண்டிய நிலை அங்கே வருவதே இல்லை.

இணையவழி வகுப்புகள் 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பிறகு பெருகிவிட்டன. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழரும், இரவுப் பணி முடித்துவரும் செவிலியரும் தகுதியான ஆசிரியர் ஒருவரிடம் தமிழில் பாடம் கேட்க முடிகிறது என்பது சிறிய காரியமன்று. நான் சேர்ந்த வகுப்பில் ஆசிரியர் சிறந்தவர். ஆனால் நூற்றுக்கு மேற்பட்டோர் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம், கேள்விகள் கடைசி ஐந்து நிமிடங்களில் அடங்கிப் போயின. பத்துப் பேர் மட்டுமே கூடும் இணைய வகுப்பு வேறு விதமாக இருக்கலாம். அதில் நான் அமர்ந்ததில்லை என்பதால் அதைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். சில மாதங்களில் இறையியல் பட்டம், இன்னும் சில மாதங்களில் டாக்டர் பட்டம் என்று அழைக்கும் விளம்பரங்கள் இணையத்தில் ஏராளம். இறையியல் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான செராம்பூர் செனட், ஆசிய இறையியல் கழகம் ஆகிய இரண்டில் ஒன்றின் அங்கீகாரமாவது அந்த நிறுவனத்துக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டப்படிப்பு உண்மையாகவே பலமான போட்டி. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் ஆகிய மூவரும் 1818-இல் வங்காளத்தில் தொடங்கிய செராம்பூர் கல்லூரி, தரங்கம்பாடியைப் போலவே அந்த ஊரும் அப்போது டென்மார்க் வசம் இருந்ததால், 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தின் மூலம் பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது. அந்த மரபில் வரும் செராம்பூர் செனட், தன் விரிவாக்கப் பிரிவின் வழியாக, குருத்துவத்துக்குப் போகாத விசுவாசிகளுக்கென்றே கிறிஸ்தவ இயலில் பட்டயமும் இளநிலைப் பட்டமும் நடத்துகிறது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கோட்பாடு, ஒழுக்கவியல் என்று பாடங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நூலை யார், எந்தச் சூழ்நிலையில், யாருக்கு எழுதினார் என்பதைப் பல ஆய்வாளர்களின் கருத்துகளை எதிரெதிரே வைத்து எழுத வேண்டியிருக்கிறது. வாசிப்பின் அகலத்தில் குழு வகுப்பு இதற்கு ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் கட்டுரை எழுதுவதற்கான நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் தமிழ் வெளியீடுகள் ஓரளவு கைகொடுத்தாலும், இறையியல் கல்லூரி நூலகம் இல்லாத ஊரில் என் தங்கை பட்ட சிரமத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் சபைப் பொறுப்புகளையெல்லாம் அவள் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஊழியத்துக்காகப் படிக்க வந்தவள் படிப்புக்காக ஊழியத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது என்பதே என்னை யோசிக்கவைத்தது.

குழு வகுப்பின் வரலாறு இந்த நெருக்கடியிலிருந்துதான் பிறந்தது. 1963-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் இருந்த பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வந்து தங்கிப் படிக்க முடியாத கிராமச் சபைத் தலைவர்களைத் தேடித் தன் ஆசிரியர்களையே வாரந்தோறும் அனுப்பத் தொடங்கியது. அம்முறை உலகெங்கும் பரவியபோது, 1971-இல் பெங்களூருவில் டாஃப்டீ என்ற விரிவாக்க இறையியல் கல்விக் கழகம் உருவாகி, இந்திய மொழிகள் பலவற்றிலும் பாடநூல்களை ஆயத்தப்படுத்தியது; தமிழும் அவற்றில் ஒன்று. வாரத்தின் நாட்களில் வீட்டில் தினமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பயிற்சி நூலை எழுதியபடி படிக்க வேண்டும். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிக் கலந்துரையாட வேண்டும். அதே வாரத்தில் தன் சபையில் தனக்குள்ள பணியைத் தொடர வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் டெட் வார்ட் இதை ஒரு மரவேலிக்கு ஒப்பிட்டார்: கிடையாக ஓடும் கட்டைகளில் ஒன்று பாட அறிவு, மற்றொன்று ஊழிய அனுபவம், இரண்டையும் பிடித்து நிறுத்தும் கம்பங்களே வாராந்தரக் கூட்டங்கள்.

இந்தக் கம்பத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் முடிவு முழுவதும் இதைச் சார்ந்தது. நாம் வாசித்துப் புரிந்துகொண்டதை, நம்மை அறிந்தவர்களும் அதே பாடத்தை எழுதி வந்தவர்களுமான சிலர் எதிரில் அமர்ந்து கேட்டு, 'அது எந்த வசனத்தில் இருக்கிறது?' என்று திருப்பிக் கேட்கும் ஏற்பாடு மற்ற மூன்று வழிகளிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், செவிலியர் ஒருவர், கொத்தனார் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இருவர், நான். குழுவை நடத்தியவர் பாடம் எடுக்கமாட்டார். கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

எரேமியா 29-ஆம் அதிகாரத்தைப் படித்த வாரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்து கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் அதன் 11-ஆம் வசனம் அடிக்கடி இடம்பெறும். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று கர்த்தர் சொல்லும் வசனம். மகனுக்கு வேலை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டின் ஜெபக்கூட்டத்துக்கு அந்த வசனத்தை வைத்தே தியானம் எழுதி, குழுவிலும் அதை வாசித்தேன். கொத்தனார் தம்பி புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "அக்கா, எழுபது வருஷம் முடிஞ்ச பிறகுதான்னு மேல் வசனத்துல இருக்கே. இந்தக் கடிதத்தை அன்னைக்கு வாசிக்கக் கேட்ட பெரியவங்க எத்தனை பேரு ஊர் திரும்பியிருப்பாங்க?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு தபால்கார அண்ணாச்சி அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து உரக்க வாசித்தார். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நம்பவைத்த தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதற்கடுத்தே வருகிறது. அந்த வீட்டில் நான் பேசியபோது, வேலை விரைவில் கிடைத்துவிடும் என்ற உறுதியைக் கர்த்தரின் வாயில் வைக்காமல், காத்திருக்கும் காலத்தையும் தேவன் கைவிட்ட காலமாக எண்ண வேண்டாம் என்பதைச் சொன்னேன். 'எரேமியா யாருக்குக் கடிதம் அனுப்பினார்?' என்ற கேள்விக்குச் சரியான விடையை அஞ்சல் பாடத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்த விடை ஒரு வீட்டுத் திண்ணையில் என்ன வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதை வெள்ளிக்கிழமை மாலைக் குழுவே எனக்குக் காட்டியது.

இன்னொன்று 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம். திருவிருந்துக்குக் கூடிவரும்போது சிலர் முந்திச் சாப்பிட்டுவிட, சிலர் பசியோடு நிற்கிறார்கள் என்று பவுல் கடிந்துகொள்ளும் பகுதி. பட்டப்படிப்பின் பாடநூலில் கொரிந்து நகரின் வீட்டு அமைப்பு, செல்வர்களின் விருந்து வழக்கம் ஆகியவற்றைப் பற்றிய நல்ல விளக்கம் உண்டு. தங்கையின் புத்தகத்திலிருந்து அதை நானே குழுவுக்கு எடுத்துச் சென்றேன். ஆனால் பேச்சு எங்கள் சபையின் பொது விருந்தான அசனத்துக்குத் திரும்பியது. முதல் பந்தியில் யார் அமர்கிறார்கள், விறகு சுமந்து அண்டா கழுவியவர்கள் எந்தப் பந்தியில் சாப்பிடுகிறார்கள், கறி தீர்ந்துபோனது எந்தப் பந்தியில் என்று செவிலியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஆண்டு குழுவினர் கமிட்டியிடம் பேசி, சமைத்தவர்களை முதல் பந்தியில் அமரவைத்தோம். வேதாகமக் கல்வியும் ஊழியமும் ஒன்றாகவே நடப்பது இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆகையால்தான் இந்த ஓர் அம்சத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுக்கிறேன்.

இதன் பலவீனங்கள் சிறியவை அல்ல. எல்லாம் நடத்துநரைப் பொறுத்தது. அவர் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டால் குழு வகுப்பு இன்னொரு ஆராதனையாக மாறிவிடும். பக்கத்துச் சேகரத்தில் ஒரு குழு அப்படியே கலைந்தது. இருவர் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் அன்றைய உரையாடல் பாடத்தை ஒட்டிய கலந்துரையாடலாக இல்லாமல் வெறும் அபிப்பிராயப் பரிமாற்றமாகச் சுருங்கும். கீத பவனி நடக்கும் டிசம்பரிலும், பள்ளித் தேர்வுகளும் லெந்து (தவக்கால) நாட்களும் சேர்ந்துவரும் மார்ச்சிலும் கூட்டம் தவறிப்போகும். தவறவிட்ட வாரங்களைப் பிடிப்பது கடினம். எபிரெயம், கிரேக்கம் கற்க விரும்புகிறவர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டத்துக்காகச் சான்றிதழ் நிலைக் குழுவில் சேருவதிலும் பொருளில்லை. கத்தோலிக்க அன்பர்களுக்குத் திண்டிவனத்திலுள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. அவர்கள் தங்கள் பங்குத்தந்தையிடம் அங்கிருந்து தொடங்கும் வாய்ப்புகளை விசாரிக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. வேதாகமத்தை இன்னும் முழுமையாக வாசித்திராதவர் அஞ்சல் பாடத்தில் தொடங்கட்டும். ஆறு பேர் கூடச் சாத்தியமில்லாத இடத்தில் இருப்பவர், சிறு எண்ணிக்கையில் நடக்கும் இணைய வகுப்பைத் தேடட்டும். கல்லூரி நூலகத்துக்கு அருகில் வாழ்ந்து, சபைப் பொறுப்பு இன்னும் தோளில் ஏறாதவரும், பிற்காலத்தில் இறையியல் கற்பிக்க விரும்புகிறவரும் பட்டப்படிப்பையே தெரிந்துகொள்ளலாம். ஞாயிறு பள்ளியோ, வாலிபர் ஐக்கியமோ, வீட்டு ஜெபக்கூட்டமோ ஏற்கெனவே கையில் இருக்கிறவருக்குக் குழு வகுப்பைத் தயக்கமின்றிச் சொல்வேன். குழுவை முடித்தபின் பட்டத்துக்குப் போகலாம். எங்கள் மாணவி ஒருத்தி அப்படித்தான் போனாள்.

சேகரத்தில் குழு இல்லையென்றால் சேகர குருவின் அனுமதியோடு நான்கைந்து பேரைச் சேர்த்து, பயிற்சி நூல்களையும் நடத்துநர் பயிற்சியையும் டாஃப்டீ போன்ற நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். சேரும் முன் ஒரு கூட்டத்தில் வெறுமனே அமர்ந்து, நடத்துநர் எவ்வளவு நேரம் பேசுகிறார், மற்றவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பாதிக்கு மேல் அவரே பேசினால் வேறு குழுவை விசாரியுங்கள்.