பிழை எல்லைக்கு எதை நம்புவது: கால்மனா, இடைவெளிப் பெட்டியா?

உள்ளரங்கில் தானாக ஓடும் ஒரு சின்ன வண்டி. சுவர்களில் அல்ட்ரா வைட்பேண்ட் ஆங்கர்கள் (ரேடியோ சிக்னல் பயணிக்கும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவிகள்), சக்கரங்களில் சுழற்சியை எண்ணும் என்கோடர். வண்டி எங்கே இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது; 'இதற்கு வெளியே இருக்க வாய்ப்பில்லை' என்று ஓர் எல்லையும் வேண்டும். அந்த எல்லை சுவரைத் தொட்டால் வண்டி நிற்கும். இதற்கு மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இடைவெளிக் கணித முறைக்கு (ஒற்றை எண்ணுக்குப் பதில் 'இதிலிருந்து இதுவரை' என்ற வரம்பை வைத்துக் கணக்கிடுவது) மாறிவிட்டேன். ஆகவே இதில் என் சாய்வு தெரியும்.

துறையில் இருப்பவர்களுக்குக் கால்மன் ஃபில்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை; மற்றவர்களுக்கு: முந்தைய கணிப்பையும் புதிய அளவையும் நம்பகத்துக்கு ஏற்பக் கலந்து, இடத்தையும் அதில் உள்ள சந்தேகத்தையும் சொல்லும் முறை. ருடால்ஃப் கால்மன் 1960-இல் எழுதியது, அப்போலோ பயணங்களில் ஓடியது, இன்று சின்ன மைக்ரோகன்ட்ரோலரிலும் ஓடுகிறது. சராசரிப் பிழையைப் பார்த்தால் என் வண்டியிலும் அதுதான் முதல் இடம். இடம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம்.

துகள் வடிகட்டி, அதாவது பார்ட்டிக்கிள் ஃபில்டர், 1993-க்குப் பிறகு பரவியது. ஒவ்வொரு துகளும் வண்டி எங்கே இருக்கலாம் என்பதற்கான ஓர் ஊகம். 'வண்டி இந்த மூலையில் இருக்கலாம், அந்த மூலையிலும் இருக்கலாம்' என்கிற குழப்பத்தை அழகாகக் கையாளும். ஆனால் 1,000 துகள்களை வைத்துக்கொண்டு லட்சத்தில் ஒரு முறை நடக்கும் தவற்றைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஓரத்தில் துகளே விழுந்திருக்காது. நான் இதைக் கணினி ஒத்திகையில்தான் ஓட்டினேன், நிஜ வண்டியில் இல்லை. இதோடு விடுகிறேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஒரே திசையில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

வண்டி ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 10 அளவு, மொத்தம் 600. ஒவ்வொன்றின் சிதறலும் 5 செ.மீ. சிக்மா (திட்ட விலக்கம்). நிற்கும் வண்டி என்று கால்மனிடம் சொல்லிவிட்டால், அது 5-ஐ 600-இன் வர்க்கமூலத்தால் வகுத்து, 'தூரத்தில் 2 மி.மீ.தான் சந்தேகம்' என்று சொல்லும். கணக்கில் தவறே இல்லை, 600 பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால். ஆனால் வழியில் ஓர் இரும்பு அலமாரி நின்று, சிக்னல் சுற்றி வந்தால்? அல்ட்ரா வைட்பேண்டில் ஒரு நானோநொடி தாமதம் என்றால் 30 செ.மீ. அரை நானோநொடி போனாலே 15 செ.மீ. கூடுதல், அதுவும் 600 முறையும் அதே பக்கம். உண்மை 15 செ.மீ. தள்ளி இருக்கும்போது ஃபில்டர் 2 மி.மீ. என்று சத்தியம் செய்கிறது.

இதற்குக் கைவசம் மருந்துகள் உண்டு. அளவீட்டு இரைச்சலைக் கூட்டிப் போடலாம், நிலையான பிழையையும் ஒரு மாறியாகச் சேர்க்கலாம். நான் இரண்டையும் செய்தேன். கூட்டிப் போட்டதும் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விட்டது. அது என் பயத்தின் அளவு, சென்சாரின் அளவு அல்ல. மாறியாகச் சேர்த்தால், வண்டி இரண்டு மீட்டர் நகர்ந்ததும் அலமாரி வேறு ஆங்கரை மறைக்கிறது. ஃபில்டர் பழைய பிழையைக் கட்டிக்கொண்டு அழுகிறது. எச்சங்களை, அதாவது அளந்த தூரத்துக்கும் கணித்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசங்களை, சோதித்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், ஆங்கர்கள் குறைவாக இருக்கும்போது நிலையான பிழை நைசாக இடத்துக்குள் கரைந்துவிடுகிறது. எச்சம் பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

(இன்னொரு பொறி: இரு பரிமாணத்தில் ஒரு சிக்மா நீள்வட்டத்துக்குள் இருக்கும் வாய்ப்பு 68 சதவீதம் அல்ல, 39 சதவீதம்தான். திரையில் அந்த வட்டத்தைப் பார்த்து நானே பல நாள் ஏமாந்தேன்.)

இடைவெளி முறையில் சராசரியே கிடையாது. ஒவ்வோர் அளவுக்கும் 'பிழை இதற்கு மேல் போகாது' என்று ஓர் எல்லை கொடுக்கிறோம். ஒத்துப்போகாத இடங்களை வெட்டி எறிகிறோம். நிஜ எண்களில்: ஒரு ஆங்கர் மூலையில், இன்னொன்று அதே சுவரில் 8 மீ. தள்ளி. இரண்டும் 5.00 மீ. என்கின்றன, எல்லை ±0.30. சுவர் நெடுக வண்டி 3.62-இலிருந்து 4.38-க்குள், சுவரிலிருந்து விலகி 2.46-இலிருந்து 3.48-க்குள். இந்த இரண்டு வரம்பும் சேர்ந்ததுதான் பெட்டி. கடைசி இலக்கத்தை எப்போதும் வெளிப்பக்கமாகவே முழுமையாக்க வேண்டும், இல்லையென்றால் உத்தரவாதம் ஓட்டை. மூன்றாவது ஆங்கர் சுவர் நெடுக 4 மீட்டரில், 7 மீ. எதிரே. அது 4.00 என்றால், விலகல் 2.70 முதல் 3.32 வரை என்று சுருங்குகிறது. அதே நிலையில் 600 முறை அளந்தாலும் பெட்டி மில்லிமீட்டருக்குச் சுருங்காது. அந்த 15 செ.மீ. பிழை ±30-க்குள் அடங்குவதால் உண்மை உள்ளேயே இருக்கும்.

இப்போது யாரோ குறுக்கே நின்று, மூன்றாவது 4.90 என்று சொல்கிறது. விலகல் 2.42-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றாகிறது. முதல் இரண்டும் 2.46-க்கு மேல் என்கின்றன. பெட்டி காலி. காலி என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம், வண்டி நிற்கிறது. இந்தக் காலிப் பெட்டிக்காகவே நான் மாறினேன்.

சரி, அதுவே 4.50 என்று சொன்னால்? பெட்டி காலியாகாது, உண்மையான 3.00 வெளியே போய்விடும், எச்சரிக்கையும் வராது. ±30 என்ற வாக்கு உடைந்தால் இந்த முறையும் பொய் சொல்லும். நான்காவது ஆங்கர் போட்டு, நான்கில் மூன்று ஒத்துக்கொள்ளும் இடங்களை எல்லாம் வைத்துக்கொள்வதுதான் நான் செய்த பரிகாரம். பெட்டி பெரிதாகிறது, வண்டி அடிக்கடி வேகம் குறைக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

விலை அதோடு முடியவில்லை. வண்டி திரும்பும்போது சாய்ந்த வடிவத்தை நேர்ப் பெட்டியில் அடைப்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் வீண் இடம் சேரும். பெட்டியைத் துண்டாக்கித் தேடினால் துல்லியம் வரும், ஆனால் ஒவ்வொரு மாறி கூடும்போதும் துண்டுகள் பெருகும். என் வண்டிக்கு மூன்று மாறிகள்: இரண்டு இடம், ஒரு திசை. பறக்கும் சாதனத்துக்கு ஆறு வேண்டும். அதில் எனக்கு அனுபவம் இல்லை, சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதிர்க்கட்சியின் வலுவான சாட்சி விமானத் துறை. செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறங்கும் எல்பிவி-200 வகைத் தரையிறக்கத்தில் செங்குத்து எச்சரிக்கை எல்லை (உயரப் பிழை இதைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும்) 35 மீ.; அறிவிக்காமல் அதைத் தாண்டும் வாய்ப்பு ஓர் இறக்கத்துக்கு ஒரு கோடியில் இரண்டுதான் இருக்கலாம். அங்கே நிகழ்தகவுக் கணக்கில்தான் பாதுகாப்பு எல்லையைப் போடுகிறார்கள். பிழைகளின் வாலை, அதாவது அபூர்வமாக வரும் பெரிய பிழைகளை, வருடக்கணக்காக அளந்து, அதை மூடும் அளவுக்குப் பெரிய சிக்மாவை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு தரவு கையில் இருந்தால் நானும் அந்தப் பக்கம் போயிருக்கலாம். என்னிடம் இருந்தது மூன்று வார அளவுகள். அதில் 'பெரும்பாலும் 30 செ.மீ.க்குள்' என்பதைப் பார்க்க முடிந்தது, வாலின் வடிவத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது இரண்டும் ஓடுகின்றன. திருப்புவதற்குக் கால்மன் புள்ளி, நிறுத்துவதற்குப் பெட்டி. புள்ளி பெட்டிக்கு வெளியே போகும் நேரங்களைப் பதிவு செய்கிறேன். பெரும்பாலும் அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான்.