32 காலிபர் ரைபிள் கிட்: குழலுக்காகவே வாங்கலாம், கோலை மட்டும் மாற்றுங்கள்

குழல் வாய் வழியாகக் கருமருந்தும் உருண்டையும் இறக்கிச் சுடும் பழைய பாணி ரைபிளை நாமே பூட்டிச் செய்யும் கிட் இது, 32 காலிபர் என்றால் குழலின் துளை 0.32 அங்குலம். 50 காலிபர் வைத்திருப்பவர்கள் பலர் 32-ஐ விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கிறார்கள், ஒரு நாள் சுட்டுப் பார்த்தால் அப்படிப் பேச மாட்டார்கள். அமெரிக்காவில் அணில், முயல் வேட்டைக்குப் புழங்கிய அளவு இது. குண்டாகப் போடும் ஈய உருண்டை 45 கிரெயின் எடைதான், அதாவது கிட்டத்தட்ட 3 கிராம். கருமருந்து 20 கிரெயின் போதும், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்பதால் கிட்டத்தட்ட 350 தடவை சுடலாம். தோளில் உதையே தெரியாது.

கிட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது குழல். எட்டுப் பட்டை, உள்ளே உருண்டையைச் சுழற்றிவிடும் சுருள் வரிகள் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பிசிறில்லாமல் இருக்கின்றன. துப்பாக்கியின் மரக்கட்டையில் பாகங்கள் உட்காரும் பள்ளங்களை முக்கால்வாசி வெட்டியே அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் லாக் (மருந்தைப் பற்றவைக்கும் பொறி) உட்காரும் இடம் இறுக்கம். அங்கே பலத்தைக் காட்டி அமுக்கினால் கட்டை பிளந்துவிடும். லாக்கின் அடியில் விளக்குக் கரி தடவி, வைத்து எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவி, மறுபடி வைத்துப் பார்த்து என்று பொறுமையாகப் போக வேண்டும். இந்த வேலைதான் இந்தக் கிட்டின் சுகமே. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய், அவ்வளவுதான்.

குறை என்றால் குண்டை இறக்கும் கோல். மர ரேகை நீளவாக்கில் ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறியிருந்ததால், அழுத்தும்போது சாய்வாக முறிந்தது. முறிந்த கூர்முனை உள்ளங்கையில் இறங்கக்கூடியது, இதில் அலட்சியம் கூடாது. ரேகை நேராக ஓடும் ஹிக்கரி மரக் கோலாக மாற்றிக்கொண்டேன். எந்தக் கோலானாலும் குழல் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அப்புறம், உருண்டை மருந்தின் மேல் சரியாக உட்காரும் அளவுக்குக் கோலில் ஒரு கோடு போட்டு வையுங்கள். இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் உப்பிவிடும், வெடிக்கவும் செய்யலாம். இந்தக்காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை இதில் தொடவே கூடாது.

துளை சின்னது என்பதால் கரி சீக்கிரம் படிந்து அடுத்த உருண்டை மக்கர் பண்ணும். 0.310 அங்குல உருண்டையைச் சுற்றிப் போட 0.015 அங்குலத் தடிமன் துணி நன்றாகப் பொருந்துகிறது, நடுநடுவே ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் குறி மாறுவதில்லை. 25 கெஜத்தில் உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டபடி விழுகின்றன. 50 கெஜத்தில் காற்று அடித்தால் இந்த லேசான உருண்டை ஒதுங்கும், அதற்குக் குழலைக் குறை சொல்ல முடியாது. மான் வேட்டைக்கு வேறு பாருங்கள். குறிபார்த்துச் சுட்டுப் பழகவும் கையால் ஒன்றைச் செய்து பார்க்கவும் ஆசை இருந்தால் தாராளமாக இதை வாங்கலாம்.