ஸ்விஃப்ட் 1.2-க்கு டர்போ: மாட்டலாமா, எஞ்சினையே மாற்றலாமா, விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

2018-ல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் கே12எம் எஞ்சின், 83 பிஎஸ் பவர், 113 என்எம் டார்க் (இழுவிசை). எடை குறைந்த வண்டி, வளைவில் நன்றாக நிற்கும், ஆனால் நீண்ட நேர்சாலையில் மிதித்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் ஒருநாள் ஓட்டிவிட்டு வருகிற யாருக்கும் அடுத்து தோன்றுவது டர்போதான், அதாவது எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. மாட்டினால் பவர் கூடுமா என்று கேட்டால், கூடும், அதில் சந்தேகமே வேண்டாம். 0.4 பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் தள்ளும் கூடுதல் அழுத்தம்) என்றால் கணக்குப்படி 40 சதவீதம் அதிகக் காற்று, காகிதத்தில் 116 பிஎஸ், சூட்டையும் இக்னிஷனைப் பின்தள்ளுவதையும் (தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக விடுவதையும்) கழித்தால் 105 பக்கம் நிற்கும். அந்த 105-ஐ எந்த வழியில் வாங்கினால் எஞ்சின் உயிரோடு இருக்கும் என்றுதான் பார்க்கவேண்டும்.

முதலில், கம்பெனிக்காரன் இதே வேலையைச் செய்யும்போது எதையெல்லாம் மாற்றுகிறான் என்று பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் போலோவில் டர்போ இல்லாத 1.0 எம்பிஐ, டர்போ உள்ள 1.0 டிஎஸ்ஐ இரண்டுமே 999 சிசி, மூன்று சிலிண்டர், ஒரே இஏ211 குடும்பம். ஒன்று 76 பிஎஸ், 95 என்எம். மற்றது 110 பிஎஸ், 175 என்எம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) இரண்டுக்கும் 10.5 தான், அதனால் "பார்த்தீர்களா, டர்போவை மாட்டினால் போதும்" என்று சிலர் வாதம் செய்வார்கள். ஆனால் டிஎஸ்ஐ-யில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டு அங்கேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்க, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ முதல் நாளிலிருந்தே பூஸ்டை எதிர்பார்த்து எழுதப்பட்டது. நம் ஸ்விஃப்டில் இவை எதுவும் இல்லை, கம்ப்ரெஷன் வேறு 11. அந்தப் பட்டியலில் நம்மிடம் இல்லாததையெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கவேண்டும், அல்லது பூஸ்டைக் குறைத்து ஈடுகட்டவேண்டும்.

வழி ஒன்று: எஞ்சினைப் பிரிக்காமல் குறைந்த பூஸ்ட்

மலிவு, வேகம், அதிகம் பேர் போகிற வழி, அதிகம் எஞ்சின் சாகிற வழியும் இதுதான். சாவதற்குக் காரணம் பெரும்பாலும் டர்போ இல்லை, நாக்கிங். 40 டிகிரி வெயிலில் உள்ளே வரும் காற்றை 0.5 பாருக்கு அழுத்தினால் கம்ப்ரஸரிலிருந்து வெளியே வரும்போது அது கிட்டத்தட்ட 100 டிகிரியைத் தொடும். அதை அப்படியே 11:1 சிலிண்டருக்குள் விட்டால் தீப்பொறி மூட்டிய தீ பரவி வருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். இரண்டு மூன்று தடவை பலமாக வெடித்தாலே பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய விளிம்பு உடைய வாய்ப்பிருக்கிறது. காதில் சத்தம் கேட்டு ஆக்சிலரேட்டரை விடலாம் என்று நினைக்காதீர்கள், எக்ஸாஸ்ட் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆகவே இன்டர்கூலர் இல்லாத "ஸ்டார்ட்டர் கிட்" எதையும் நம் ஊர் வெயிலில் நான் தொடமாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

அடுத்து பெட்ரோல். மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) உள்ள பெரும்பாலான சாதா எஞ்சின்களில் அந்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சற்று மேலே வரைதான் படிக்கும். அதற்கு மேல் நீங்கள் தள்ளுகிற காற்று ஈசியூவின் கண்ணுக்கே தெரியாது, தெரியாத காற்றுக்கு அது பெட்ரோல் கொடுக்காது. முழு பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் நடுவே இருக்கவேண்டிய காற்று-எரிபொருள் விகிதம் 13, 14 என்று மெலிந்து போகும், பிறகு உருகிய பிஸ்டனை மேஜைமேல் வைத்துப் பார்க்கலாம். பூஸ்டுக்கு ஏற்ப எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டரை வைத்து இதைச் சமாளிப்பது பழைய தந்திரம். ரிட்டர்ன் லைன் இல்லாத இன்றைய வண்டிகளில் அதைப் பொருத்துவதே தலைவலி, பொருந்தினாலும் இக்னிஷனை அது பின்தள்ளாது. பெரிய இன்ஜெக்டர் (முழு பூஸ்டிலும் 80, 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது), பூஸ்டைப் படிக்கும் மேப் சென்சார், அதைப் புரிந்துகொள்ளும் ஈசியூ, காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் மீட்டர்: இந்த நான்கும் டர்போவுக்கு முன்னால் வாங்கவேண்டியவை. ஈசியூவில் பிக்கிபேக்கா ஸ்டாண்டலோனா என்று கேட்டால், பிக்கிபேக் ஒரிஜினல் ஈசியூவிடம் பொய் சொல்லிப் பிழைக்கிற பெட்டி. அந்த ஈசியூ காலப்போக்கில் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும்போது உங்கள் டியூனிங் மெல்ல நழுவும். முடிந்தால், ஒரிஜினலுக்குப் பதிலாகத் தானே எஞ்சினை ஓட்டும் ஸ்டாண்டலோன்.

ஆக்டேனில் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) கஞ்சத்தனம் வேண்டாம். 91-ஐ வைத்து டியூன் செய்தால் இக்னிஷனை அவ்வளவு பின்தள்ளவேண்டும், கிடைத்த பவரில் பாதியை அங்கேயே விட்டுவிடுவீர்கள். 95-க்கு டியூன் செய்தால் 95 மட்டும்தான், ஊருக்குப் போகும் வழியில் கிடைத்ததைப் போடும் பழக்கத்தை விடவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும், ஆனால் அதே வேலைக்கு அளவில் கூடுதலாக வேண்டும், ஆகவே இன்ஜெக்டர் கணக்கில் அதையும் சேருங்கள்.

பட்டறையில் நடக்கிற இரண்டு அபத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பழைய டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போ. விலை சல்லிசுதான், ஆனால் பெட்ரோல் எக்ஸாஸ்ட் டீசலைவிட நன்றாகவே சூடு, முழு மிதியில் 950 டிகிரி வரை போகும், அந்த டர்பைன் உறையை அதற்காக வார்க்கவில்லை. இன்னொன்று, ஆயில் திரும்பும் குழாய். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகும், திரும்பி வருவது வெறும் புவியீர்ப்பில். குழாய் மெல்லியதாகவோ வளைந்தோ இருந்தால், அல்லது சம்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்குக் கீழே வெல்டிங் செய்திருந்தால், ஆயில் தேங்கி சீல் வழியே கசிந்து நீலப்புகை விடும். மெக்கானிக் "டர்போ போச்சு" என்பார், புதிதாக வாங்கிப் போட்டாலும் அதே புகைதான்.

வழி இரண்டு: பிரித்து, உறுதியாக்கி, பிறகு டர்போ

ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, உறுதி கூடிய) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராட், கம்ப்ரெஷனை 9 பக்கம் இறக்குவது, ரிங் இடைவெளியைக் கூடுதலாக வைப்பது. இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பூஸ்ட் சூட்டில் ரிங் நீண்டு இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் தலை பிய்ந்து வரும். 0.8 பார், அதற்கு மேலும் போகலாம். நல்ல மெஷின் ஷாப் வேண்டும், டர்போவைவிட எஞ்சின் வேலைக்கு அதிகம் செலவாகும், கிளட்ச்சும் கியர்பாக்ஸும் அடுத்து வரிசையில் நிற்கும். பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய வண்டிக்கு மட்டும் சரி. முதல் வழியில் டைட்டான கட்டுப்பாட்டோடு 0.4 பாரில் நிற்கத் தெரியாதவருக்கு இந்த வழியும் சொத்தைத்தான் கரைக்கும், கொஞ்சம் தாமதமாக.

சூப்பர்சார்ஜர் வைத்தால்?

இது எக்ஸாஸ்டுக்குப் பதிலாக எஞ்சினே சுழற்றும் காற்றழுத்தி. எக்ஸாஸ்ட் பக்கம் கைவைக்க வேண்டாம், பானட்டுக்கு அடியில் சூடு குறைவு, மிதித்த உடனே இழுக்கும். ஆனால் பெல்ட் வழியாக எஞ்சினிடமே பவரைத் தின்னும், இரண்டு சுழலிகள் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை காற்றை டர்போவைவிட அதிகமாகச் சூடாக்கும். பெட்ரோல், நாக்கிங் பிரச்சினை அப்படியே இருக்கும், "சூப்பர்சார்ஜர் பாதுகாப்பானது" என்கிற பேச்சை நம்பவேண்டாம். மினி கூப்பரில் இது நன்றாகத் தெரியும்: 2000-களின் தொடக்கத்தில் வந்த அதே 1.6 எஞ்சின் சாதா கூப்பரில் 10.6:1 கம்ப்ரெஷன், சூப்பர்சார்ஜர் வைத்த கூப்பர் எஸ்-ல் 8.3:1. அடுத்த தலைமுறையில் எஸ் டர்போவுக்கு மாறிவிட்டது. கே12-க்கு பிராக்கெட், புல்லி எல்லாம் லேத்தில் செய்யவேண்டும், புல்லி ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் பெல்ட் தெறிக்கும். நான் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

கம்பெனி டர்போ எஞ்சினை அப்படியே தூக்கி வைப்பது

பலேனோ ஆர்எஸ்-ல் வந்த 1.0 பூஸ்டர்ஜெட், 102 பிஎஸ், 150 என்எம். எஞ்சின் கவலை தீர்ந்தது, ஆனால் வயரிங், ஈசியூ, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), மவுண்ட் என்று வேறு கவலைகள். எல்லாம் முடிந்த பிறகு கிடைப்பது பலேனோ ஆர்எஸ்-ன் எஞ்சின் உள்ள ஸ்விஃப்ட். பழைய பலேனோ ஆர்எஸ் ஒன்றை வாங்கினால் என்ன?

ஆமாம், கடைசி வழி அதுதான். சாலையில் தினமும் ஓட்டும் வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன், முக்கியமாகச் சட்டத்துக்காக. ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். விபத்து நடந்தால் சொல்லாமல் வைத்த டர்போவைக் காட்டி இன்ஷூரன்ஸ் கையை விரிக்கலாம், அந்த இழப்புக்கு முன்னால் அபராதமெல்லாம் ஒன்றுமே இல்லை. டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்கு மட்டும் கொண்டுபோகிற வண்டி என்றால் கதை வேறு, அப்போது முதல் வழி, 0.4 பார், ஸ்டாண்டலோன் ஈசியூ, டைனோவில் (பவரை அளக்கும் கருவியில்) டியூனிங். அதற்கும் முன்னால் சிலிண்டர்கள் அழுத்தத்தைக் கசியவிடாமல் பிடிக்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்டும் லீக்-டவுன் டெஸ்டும் எடுங்கள், ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால் டர்போ பேச்சையே எடுக்கவேண்டாம்.

கம்பெனி டர்போ வண்டி வாங்கிய பிறகும் ஒன்று உண்டு. சின்ன நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில், மேல் கியரில் 1,500 ஆர்பிஎம்-ல் முழுதாக மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் சிக்கல் வரலாம். அதைத் தவிர்க்க ஏபிஐ எஸ்பி தர எஞ்சின் ஆயிலை ஊற்றுங்கள், ஒரு கியர் இறக்கி மிதியுங்கள்.