பின்வரிசை ஹீற்றர் குழாய் ஒழுகினால்: அடைப்பதா, துண்டிப்பதா, மாற்றுவதா?

ரொயோற்றா சியன்னா, டொட்ஜ் கிராண்ட் கரவன் போன்ற மூன்று வரிசை மினிவான்கள் பலவற்றில் பின்னால் இருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு ஹீற்றர் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் அங்கே சூடேறி, வாகனத்தின் அடியில் நீளமாக ஓடும் இரண்டு உலோகக் குழாய்கள் வழியாக அந்த ஹீற்றருக்குப் போய்த் திரும்புகிறது. கனடாவின் ஒன்ராறியோ வீதிகளில் குளிர்காலம் முழுவதும் கொட்டப்படும் உப்பு, பனிச்சேற்றோடு சேர்ந்து இந்தக் குழாய்களைத் தாங்கும் பிடிகளுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அந்த இடங்களில் உலோகம் வெளியிலிருந்து உள்ளே அரிபட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாள் ஒழுகத் தொடங்கும்.

எங்கள் மினிவானில் இது போன ஜனவரியில் நேர்ந்தது. வீட்டு வாசலில் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், பனியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கறை படிந்திருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஹீற்றரில் குளிர்காற்று வருவதும், வண்டி ஓடத் தொடங்கியதும் மறுபடி சூடு வருவதுமாக இருந்தது. கூலன்ற் குறைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டதன் அடையாளம் அது. ஒரு விடயத்தை முதலிலேயே பிரித்தறிய வேண்டும்: முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல ஆவி படிந்து, உள்ளே இனிப்பு மணம் வந்து, முன்பயணியின் காலடிக் கம்பளம் ஈரமாக இருந்தால், ஒழுகுவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் முன் ஹீற்றராக இருக்கலாம். அது வேறு வேலை. றேடியேற்றர் மூடியின் இடத்தில் அழுத்தமானியோடு கூடிய கைப்பம்பைப் பொருத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

மலிவான வழி, கூலன்றுக்குள் ஊற்றும் ஒழுக்கடைப்பான் திரவம். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள நாரும் துகள்களும் ஊசித்துளையை அடைக்கலாம். ஆனால் இங்கே பிரச்சினை ஒரு துளை அல்ல. பிடியைக் கழற்றித் திருகாணிச் சாவியின் நுனியால் மெல்லத் தட்டியபோது, எங்கள் குழாயிலிருந்து துரு தகடு தகடாக உரிந்து விழுந்தது. அதன் அடியில் எஞ்சியிருந்த உலோகம் கடதாசிபோல மெலிந்திருந்தது. அப்படிப்பட்ட குழாயில் ஒரு துளையை அடைத்தால் அடுத்த துளை பக்கத்திலேயே திறக்கும். இதற்கிடையில் அடைப்பான் முன் ஹீற்றரின் குறுகிய வழிகளில் படிந்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடக்கூடும்.

இரண்டாவது வழி, பின்வரிசை ஹீற்றரை முற்றாகத் துண்டித்துவிடுவது. எஞ்சின் பக்கத்தில் கூலன்ற் முன்னுக்கும் பின்னுக்குமாகப் பிரியும், T எழுத்து வடிவிலான ரி இணைப்புகள் இருக்கும். வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு பிற்பகல் போதும், செலவும் மிகக் குறைவு. ஆனால் பலர் இதைச் செய்யும் விதத்தில் ஒரு தவறு இருக்கிறது. பின்னால் போகும் வாயையும் திரும்பி வரும் வாயையும் ஒரு துண்டு ஹோஸால் வளைத்து இணைத்துவிடுகிறார்கள். பின் ஹீற்றர் முன் ஹீற்றருக்கு இணையான பாதையில் இருப்பதால், அந்தக் குட்டை வளையம் கூலன்றுக்கு மிகச் சுலபமான குறுக்குவழியாகிவிடும். முன் ஹீற்றருக்குள் போவது குறைந்து, முன்னாலும் சூடு மந்தமாகும். இரண்டு வாய்களையும் தனித்தனியாக மூடுவதே சரி. அதற்கும் வெறும் இறப்பர் மூடி போதாது. வெப்பத்தில் அது வெடித்துப் பிளந்தால் கூலன்ற் முழுவதும் நெடுஞ்சாலையில் போய்விடும். சிறு துண்டு ஹீற்றர் ஹோஸ், அதன் மறுமுனையில் உலோக அடைப்பு, இரு பக்கமும் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் என்று செய்வது நம்பகமானது. ரி இணைப்புகளையே எடுத்துவிட்டு நேரான இணைப்புகளைப் போடுவது அதைவிடச் சுத்தமானது.

மூன்றாவது வழி, துருவேறிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இறப்பர் ஹீற்றர் ஹோஸைக் கொண்டுபோய்ப் பொருத்துவது. இதைத்தான் நாங்கள் செய்தோம். இங்கே கவனம் முழுவதும் முனைகளில் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் குழாயின் முனையில் ஹோஸ் நழுவாதபடி ஒரு புடைப்பு வளையம் இருக்கும். வாளால் வெட்டிய முனையில் அது இருக்காது. வழவழப்பான முனையில் ஹோஸை நுழைத்துக் கிளாம்பை இறுக்கினால், அழுத்தம் ஏறும்போது அது மெல்ல மெல்ல நழுவும். ஆகவே, நல்ல உலோகம் தெரியும் இடம் வரை பின்வாங்கி வெட்டி, துருவை அரத்தாளால் நீக்கி, முனையில் புடைப்பு எழுப்பும் கருவியைப் பயன்படுத்திய பிறகே ஹோஸைப் பொருத்த வேண்டும். கிளாம்பிலும் வித்தியாசம் உண்டு. திருகி இறுக்கும் சாதாரணக் கிளாம்ப், கடுங்குளிரில் இறப்பர் சுருங்கும்போது கூடவே சுருங்காது. அதனால் காலையில் கசிந்து, சூடேறியதும் நின்றுவிடும் ஒழுக்கு உண்டாகும். வில்விசைக் கிளாம்ப் தானாகவே பிடியைச் சரிசெய்துகொள்ளும். புகைக்குழாயிலிருந்து ஹோஸ் விலகியிருப்பதையும், தொங்காமல் இடைக்கிடையே கட்டப்பட்டிருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

வளைத்துத் தயாராக விற்கப்படும் புதிய உலோகக் குழாய்களை வாங்கிப் போடுவது நான்காவது வழி. மிக ஒழுங்கானதும் அதிகச் செலவானதும் இதுவே. பழைய பிடிகளின் ஆணிகள் கழலாமல் முறிந்துவிட்டால் கராஜில் கூலி மேலும் ஏறும். வாகனத்தின் மற்றப் பகுதிகள் திடமாக இருந்து, இன்னும் ஆறேழு ஆண்டுகள் ஓட்டும் எண்ணமும் இருந்தால் மட்டும் இது தகும்.

பின்னிருக்கையில் பெரும்பாலும் யாரும் இல்லாத வாகனம் என்றால், இரண்டாவது வழியைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் சுழியத்துக்குக் கீழே 15 பாகை குளிரில் மூன்றாம் வரிசையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள் என்றால், பின் ஹீற்றர் ஆடம்பரம் அல்ல. கண்ணாடியில் உறைபனி படிய, கையுறை போட்டபடி இருக்கும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, இறப்பர் ஹோஸுக்கான கூடுதல் உழைப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எந்த வழியாயினும், ஒழுகிய கூலன்றைத் தரையில் விடக் கூடாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். அது அவற்றைக் கொல்லும் நஞ்சு. மறுபடி நிரப்பும்போது, வாகனத்துக்குரிய கூலன்றையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ -37 பாகை வரை உறையாது. கலந்தே விற்கப்படும் வகையில் மேலும் நீர் சேர்க்கத் தேவையில்லை. பின்வரிசைக் குழாய்கள் நீளமானவை என்பதால் காற்று அவற்றுள் எளிதில் சிறைப்படும். வாகனத்தின் முன்பகுதியைச் சற்று உயர்த்தி, இரண்டு ஹீற்றர்களையும் முழுச் சூட்டில் வைத்து, பின்னால் சூடான காற்று வரும் வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். எங்கள் வாகனத்தில் முதல் இரண்டு காலையும் சேமிப்புப் போத்தலில் மட்டம் ஒரு விரல் இறங்கியது. மூன்றாம் நாள் அதே கோட்டில் நின்றது.