அமீரகத்தில் கார் இன்சூரன்ஸ்: கட்டிய பணமும் கிடைத்த பலனும்

ஷார்ஜாவில் குடியிருப்பு, துபாயில் வேலை. கார் 2019 மாடல் டொயோட்டா கொரோலா. ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்தது, இன்றும் அதேதான் ஓடுகிறது. இத்தனை வருடத்தில் மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் மாறியிருக்கிறேன். புதிதாக லைசன்ஸ் எடுத்துவிட்டு "வருசத்துக்கு எவ்வளவுண்ணா ஆகும்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. இங்கே இன்சூரன்ஸ் இல்லாமல் முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்க முடியாது. பாலிசி 13 மாதத்துக்கு வரும். 12 மாதம் போக மீதி ஒரு மாதம், பதிவைப் புதுப்பிக்கக் கொடுக்கும் அவகாசத்துக்காக. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் நாம் இடித்த அடுத்தவர் வண்டிக்கும் ஆளுக்கும் பணம் கொடுப்பார்கள், நம் வண்டிக்குப் பைசா வராது. அடுத்தவர் பொருளுக்கான சேதம் 20 லட்சம் திர்ஹம் வரை கவர் ஆகும். நம் சாலைகளில் எந்த நேரமும் பக்கத்தில் ஒரு லம்போர்கினி நிற்கலாம் என்பதால் அந்தத் தொகை ஆடம்பரம் இல்லை. நம் வண்டிக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஃபுல் இன்சூரன்ஸ்.

ஃபுல் இன்சூரன்ஸுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் கட்டண விதிப்படி, செடான் காருக்கு வண்டி மதிப்பில் 5 சதவீதம், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 7 சதவீதம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. அதற்குக் கீழே எவ்வளவு என்பது நம் வயது, அமீரக லைசன்ஸ் எடுத்து எத்தனை வருடம், முன்பு கிளெய்ம் செய்தோமா என்பதைப் பொறுத்தது. ஊரில் பதினைந்து வருடம் பஸ் லாரிக்கு நடுவே ஓட்டியவராக இருந்தாலும், இங்கே லைசன்ஸ் எடுத்த முதல் வருடம் நாம் புது டிரைவர்தான். நம் இந்திய லைசன்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள் என்பது தெரிந்ததே. ஊரில் வாங்கி வைத்திருந்த நோ கிளெய்ம் கடிதத்தை (இத்தனை வருடம் கிளெய்ம் எதுவும் செய்யவில்லை என்று கம்பெனி தரும் சான்று) நான் கேட்ட எந்தக் கம்பெனியும் கண்டுகொள்ளவில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். எல்லாம் வாட் 5 சதவீதம் சேர்க்காத தொகை. முதல் வருடம் ஷோரூமே இலவசமாகக் கொடுத்தது (வண்டி விலையில் சேர்த்திருப்பார்கள், வேறென்ன). 2020இல் வண்டி மதிப்பு 56,000 திர்ஹம், ஏஜென்சி ரிப்பேரோடு (அடிபட்டால் டொயோட்டா டீலரின் சொந்தப் பட்டறையில் சரிசெய்வது) 1,900. அடுத்த வருடம் 48,000க்கு 1,700. 2022இல் ஏஜென்சி ரிப்பேரை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி காட்டும் வெளி கேரேஜில் சரிசெய்யும் கேரேஜ் ரிப்பேருக்கு இறங்கினேன்: 42,000க்கு 1,250. 2023இல் 37,000க்கு 1,100. அதுதான் நான் கட்டியதிலேயே குறைவு. 2024இல் மதிப்பு 32,000 ஆக இறங்கியது, பிரீமியம் 1,550 ஆக ஏறியது. 2025இல் 28,000க்கு 1,380. 5 சதவீத வரம்பு 1,400 என்று பார்த்தால், கிட்டத்தட்ட கூரையைத் தொட்டு நிற்கிறது.

பெரும்பாலானோர் பார்ப்பது பிரீமியத்தை மட்டும்தான். நான் இப்போது பிரீமியத்தை மதிப்பால் வகுத்துப் பார்க்கிறேன். 2020இல் நூறு திர்ஹம் பாதுகாப்புக்குக் கிட்டத்தட்ட மூணரை திர்ஹம் கொடுத்தேன், அதுவும் ஏஜென்சி ரிப்பேரோடு. இப்போது அதே நூறுக்கு ஐந்து திர்ஹம் கொடுக்கிறேன், கேரேஜ் ரிப்பேருக்கு. குறைந்த தொகையைக் கட்டுவதுபோலத் தெரியும், உண்மையில் விலை ஏறியிருக்கிறது.

இந்த மதிப்பு என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. என் புரோக்கர் ஒரு மலையாளிச் சேட்டன், வாட்ஸ்அப்பிலேயே குடும்பம் நடத்துபவர். ஒருமுறை மற்ற எல்லோரையும்விட 200 திர்ஹம் குறைவாக ஒரு கோட்டேஷன் அனுப்பினார். பார்த்தால் வண்டி மதிப்பை ஐயாயிரம் குறைத்துப் போட்டிருந்தார்கள். "சாரே, ஆக்சிடென்ட் ஒண்ணும் ஆகாது, பின்னெ எந்தினா மதிப்பு?" என்றார். ஆகாது என்றால் இன்சூரன்ஸே எதற்கு என்று கேட்டேன். சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. வண்டி முழுச் சேதம் என்று முடிவானால் கையில் வருவது இந்த மதிப்பு, அதிலும் தேய்மானம் போகத்தான். ரிப்பேர் செலவு வண்டி மதிப்பில் பாதியைத் தாண்டினால் முழுச் சேதம் என்பது விதி. தேய்மானம் வருடத்துக்கு 20 சதவீதம் என்று பாலிசியில் ஓடிய நாட்களுக்கு ஏற்பக் கழிப்பார்கள். 32,000 என்று போட்டிருந்த வண்டி ஆறாவது மாதத்தில் போனால் 28,800 கிடைக்கும். ஐயாயிரம் குறைத்துப் போட்டால் அதுவும் 24,300 ஆகிவிடும். 200 திர்ஹத்துக்காக இந்தச் சூதாட்டம் தேவையில்லை.

அடுத்தது எக்ஸஸ். தவறு நம் மேல் என்றால் ஒவ்வொரு கிளெய்முக்கும் நாம் கையிலிருந்து கட்டுவது. 50,000 வரை மதிப்புள்ள வண்டிக்கு 350, அதற்கு மேல் ஒரு லட்சம் வரை 700 என்பது வழக்கமான அளவு. 25 வயதுக்குக் கீழே இருந்தாலோ, லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகாவிட்டாலோ, கிளெய்ம் தொகையில் 10 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கலாம். புது லைசன்ஸ்காரத் தம்பிகள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவி புதிதாக லைசன்ஸ் எடுத்து நம் வண்டியை ஓட்டினாலும் இதே கதைதான்.

சரி, கிளெய்ம் அனுபவத்துக்கு வருகிறேன். 2022 கடைசியில், சாயங்காலம் ஷார்ஜா திரும்பும் நெரிசலில் நின்றுகொண்டிருந்த என் வண்டியைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். போலீஸ் ரிப்போர்ட் கையில் இல்லாமல் இங்கே எந்த கேரேஜும் அடிபட்ட வண்டியைத் தொடாது. அதனால் சின்னக் கீறலாக இருந்தாலும் ரிப்போர்ட் போட்டே ஆகவேண்டும். துபாய் எல்லைக்குள் நடந்ததால் தவறு செய்த அவருக்குச் சிவப்பு ரிப்போர்ட், தவறில்லாத எனக்குப் பச்சை. பச்சைத் தாள் வைத்திருப்பவருக்கு எக்ஸஸ் கிடையாது, நோ கிளெய்மும் போகாது. இடித்தவரின் கம்பெனிதான் செலவு செய்யவேண்டும்.

செலவு செய்தார்கள். எப்படி என்பதுதான் விஷயம். ஷார்ஜா சனய்யாவில் (தொழிற்பேட்டையில்) ஒரு கேரேஜைக் காட்டினார்கள். பத்து நாளில் முடியும் என்ற வேலை மூன்று வாரம் இழுத்தது. வண்டியை எடுக்கப் போனபோது மணி ஏழு, டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. இன்று வேண்டாம், நாளை பகலில் வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் வெயிலில் பார்த்தால் பம்பர் ஒரு வெள்ளை, டிக்கி ஒரு வெள்ளை. வலது ஓரத்தில் பம்பருக்கும் பாடிக்கும் நடுவே என் சுண்டு விரல் நுழைகிற இடைவெளி, உள்ளே கிளிப் ஒன்று உடைந்து தொங்கியது. வேலை திருப்தி என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. இரண்டு வெள்ளையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். மறுபடி ஒரு வாரம். இரண்டாவது முறை பம்பர் புதிதாக வந்தது, பெயிண்டும் சேர்ந்தது. அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் நான் எங்கே போய் நின்றாலும் கதை முடிந்திருக்கும். வண்டியை வாங்க எப்போதும் பகலில் போங்கள்.

ஏஜென்சி ரிப்பேருக்கு வருடம் நானூறு ஐநூறு கூடுதலாகக் கொடுப்பது தண்டமா என்று கேட்பார்கள். முதல் மூன்று வருடத்துக்குத் தண்டம் இல்லை, வாரண்டி இருக்கும் வரை கொடுக்கலாம். அதற்குப் பிறகு பெரும்பாலான கம்பெனிகள் நாம் கேட்டாலும் தருவதில்லை.

ஒரு துணைத் தகவல்: அமெரிக்காவில் அடிபட்டு இங்கே வந்து தட்டி நிமிர்த்தி விற்கப்படும் வண்டிகள் விலை மலிவாக இருக்கும். ஜிசிசி ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரித்தது) இல்லாத வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் தர பல கம்பெனிகள் மறுத்துவிடும். வாங்குவதற்கு முன்பே சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கோட்டேஷன் கேட்டுப் பாருங்கள்.

பிரீமியம் ஏன் 2024இல் ஏறியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 16. 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படியொரு மழை பெய்ததில்லை. அல் ஐன் பக்கம் ஓர் இடத்தில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர். என் வண்டி துபாய் ஆபீஸின் மாடிப் பார்க்கிங்கில் இருந்ததால் தப்பியது, நானும் அன்றிரவு அங்கேயே மாட்டிக்கொண்டேன். வீட்டுக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் தண்ணீர் கூரை வரை நின்றது.

அந்த ஒரே பேஸ்மென்ட்டில் மூன்று விதமான முடிவுகளைப் பார்த்தேன். இரண்டாம் மாடியிலிருக்கும் காரைக்குடி அண்ணன் பழைய வண்டிக்கு எதற்கு ஃபுல் என்று தேர்ட் பார்ட்டியில் இருந்தார். ஒன்றும் வரவில்லை, வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார். எதிர் வீட்டு ஹைதராபாத்காரர் ஃபுல் இன்சூரன்ஸ், போலீஸ் சான்றிதழை இணையத்திலேயே வாங்கிக் கொடுத்தார், வண்டி முழுச் சேதம் என்று எழுதி இரண்டு மாதத்தில் பணம் வந்தது. மூன்றாமவரும் ஃபுல் இன்சூரன்ஸ்தான். ஆனால் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்த்திருக்கிறார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் எல்லாம் வளைந்துவிட்டது. சேதத்தை நீங்களே கூட்டிக்கொண்டீர்கள் என்று இன்ஜின் செலவை மறுத்துவிட்டார்கள். மத்திய வங்கியின் கீழ் இருக்கும் சனதக் என்ற குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதற்குள் வேலை மாறி அபுதாபி போய்விட்டார்.

அதிலிருந்து பாலிசியில் நான் முதலில் தேடுவது இயற்கைச் சீற்றம், வெள்ளம் என்ற வரியைத்தான். ஃபுல் இன்சூரன்ஸ் என்ற பெயரை நம்பி விட்டுவிடக் கூடாது. விலை குறைந்த கோட்டேஷன்களில் இந்த வரி காணாமல் போயிருக்கலாம். கூடவே டிரைவருக்கு 120 திர்ஹம், பயணி ஒருவருக்கு 30 திர்ஹம் என்று விபத்துக் காப்புக்குத் தனியாகக் கேட்பார்கள். குடும்பத்தோடு ஓட்டுபவர் அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. சலாலாவுக்கு மழைக்காலத்தில் காரிலேயே போகும் ஆசை இருந்தால், ஓமானுக்குள் நம் வண்டிக்கும் கவர் உண்டா என்று கேளுங்கள். அங்கே அடுத்தவர் சேதத்துக்கு ஆரஞ்சு கார்டு (அரபு நாடுகளுக்கான எல்லை தாண்டும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்) தனியாக வேண்டும்.

2025இல் புதுப்பிக்கும்போது தேர்ட் பார்ட்டிக்கு இறங்கலாமா என்று ரொம்ப யோசித்தேன். 600 திர்ஹத்துக்குக் கிடைத்தது, வித்தியாசம் 780. வண்டி போனால் 28,000 திர்ஹத்தை உடனே புரட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். முடியாது, ஊரில் வீட்டுக்கடன் ஓடுகிறது. அதனால் 1,380. மதிப்பு 20,000க்குக் கீழே வரும் வருடம் மறுபடி யோசிப்பேன்.

ஊருக்குத் திரும்பும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸை, அங்கே பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் இந்தியாவில் புது பாலிசி எடுத்தால் ஏற்றுக்கொள்ள இடம் உண்டு. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் இந்தியாவில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி, புது வண்டிக்கு அது பெரிய தொகை. எனவே வண்டியை விற்று பாலிசியை ரத்து செய்யும்போதே மீதி மாதங்களுக்கான பணத்தோடு நோ கிளெய்ம் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். விசா ரத்தாகி இங்கத்திய மொபைல் நம்பரும் போன பிறகு, ஓடிபி இல்லாமல் கம்பெனியின் ஆப்புக்குள்ளே நுழையவே முடியாது.